அப்பாவுக்கு வாங்கிய கோப்பி கிரைண்டர்

அன்புள்ள மகனுக்கு,

இதை உன் கைபேசிக்கு மட்டும் அனுப்பியிருந்தால் முதல் இரண்டு வரிகளைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாகப் போட்டுவிட்டு நீ வேலைக்குப் போயிருப்பாய். அதனால் ஊரறிய எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு உன் தங்கச்சியிடம் "அம்மாவுக்கு என்ன நடந்தது" என்று விசாரிக்கத் தேவையில்லை. நேற்றுக் காலை சாவகச்சேரியிலிருந்து உன் நண்பன் சுதனின் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, உங்கடை மகன் சொல்லித்தான் சுதன் எங்களுக்கும் கோப்பி மெசினும் கொட்டை அரைக்கிற சாமானும் அனுப்பியிருக்கிறான். உங்கடை வீட்டிலையும் அதுதானாம், நல்லா வேலை செய்யுதாம் எண்டு உங்கடை மகன் சொன்னவராம்" என்றார். நல்லா வேலை செய்யுது என்று உனக்கு யார் சொன்னது? நானா, அப்பாவா? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த அரைக்கிற சாமான் இப்போது குசினியில் மிளகு உடைக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

ஒரு கோப்பி அரைக்கிற சாமானுக்காக ஒரு தாய்க்கு இவ்வளவு கோபம் வருமா என்று வாசிக்கிறவர்கள் நினைக்கலாம். அவர்களுக்கு உன் அப்பாவைத் தெரியாது. உனக்குத் தெரியும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பருத்தித்துறையில் மீனவர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கருவாட்டுக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். சாக்கின் வாயை அவிழ்த்ததும், மழையில் நனைந்ததைத் திரும்பக் காயவைத்துக் கலந்திருக்கிறார்களா என்று குனியாமலே சொல்லிவிடுவார். கொழும்பிலிருந்து வருகிற வியாபாரிகள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு, எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே மணமும் போனது. திரும்பி வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. சாப்பாட்டில் உப்பு, புளிப்பு, உறைப்பு, இனிப்பு, கசப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. மீனும் நண்டும் போட்ட ஒடியல் கூழை மூக்கை மூடிக்கொண்டு குடித்துப் பார், அவர் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது விளங்கும்.

நீ தொலைபேசியில் பார்த்தது அவருடைய முகத்தை மட்டும்தான். வீட்டில் நடந்தது வேறு. வெளியே போகுமுன் சேர்ட்டின் கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "வேர்வை மணக்குதே, பாரும்" என்று கேட்பார். ஒன்றுமில்லை என்று சொன்னாலும் நம்பாமல் திரும்பக் குளிப்பார். ஒரு நாள் சந்தையில் யாரோ பழுதான மீனை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். பையைத் திறந்ததும் நான் மூக்கைச் சுளித்தேன். அவர் அதைக் கண்டுவிட்டார். "எனக்கே பழசைத் தந்திட்டாங்கள்" என்றார். அதன்பிறகு சந்தைக்கே போகவில்லை. நண்பர்கள் வந்தால் உள்ளே படுத்திருப்பதாகச் சொல்லச் சொன்னார். மூக்கு டொக்டர் ஒருவர், "நல்லாத் தெரிஞ்ச நாலைஞ்சு மணங்களை ஒவ்வொரு நாளும் கவனமாய் மணந்து பாருங்கோ, மூளைக்குத் திரும்பப் பழக்கவேணும்" என்று சொன்னார். அதை நான் உனக்குச் சொன்னேன். நினைவிருக்கிறதா? "சரி அம்மா, நல்லது" என்றாய்.

தங்கச்சியின் கல்யாணத்துக்கு மெல்பேணிலிருந்து நீ வந்தபோது பெட்டியிலிருந்து ஒரு சின்ன எஸ்பிரெஸோ மெசினை இறக்கினாய். எங்கள் வீட்டுக் கோப்பியைக் குடிக்க உன்னால் முடியாதாம். அதற்கு எனக்குக் கோபமில்லை, அவரவர் நாக்கு அவரவர்க்கு. கூடவே கையால் சுற்றி அரைக்கும் உருளை ஒன்றையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாய். மறுநாள் காலையில் குசினி மேசையோடு சாய்ந்து நின்று, காதில் பாட்டுக் கேட்டபடி கொட்டையைப் போட்டுச் சுற்றினாய். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் வந்து நின்றார்.

"உதென்ன மணக்குது?" என்று கேட்டார்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. எத்தனையோ காலமாக அவர் தன் மூக்கை நம்பிக் கேட்காத கேள்வி அது. நீ காதிலிருந்ததைக் கழற்றி, "என்னப்பா?" என்றாய்.

"மணக்குது எண்டன். என்ன அது?"

"கோப்பி அப்பா. இஞ்சத்தைத் தூள் இல்லை, இது மலைநாட்டுக் கொட்டை. இப்பத்தான் அரைக்கிறன்."

அவர் வந்து அந்த உருளைக்குள் மூக்கை வைத்து, கண்ணை மூடி, மெதுவாக இழுத்தார். "பனாட்டு மாதிரி ஒண்டு வருது" என்றார். காயவைத்த பனம்பழக் களியின் மணத்தைச் சொன்னார். நீ சிரித்தாய். ஊற்றிக் கொடுத்தாய். அவர் குடித்தார், நீ திரும்பப் பாட்டைக் காதில் வைத்துக்கொண்டாய். நான் குசினியின் பின்பக்கம் போய் நின்று அழுதேன் என்பது உனக்குத் தெரியாது. தெரியாதது உன் பிழை இல்லை. ஆனால் நீ இங்கே நின்ற நாள்களெல்லாம் நீ எழும்பமுன் அவர் எழும்பி, முகம் கழுவி, குசினி வாங்கில் வந்து உட்கார்ந்து காத்திருந்தார். அதையாவது கண்டிருக்கலாம்.

நீ போகும்போது மெசினை எங்களிடம் விட்டுவிட்டு, கிரைண்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டாய். அரைத்த தூளில் ஒரு பையை வைத்துவிட்டுப் போனாய். முதல் சில நாள் அந்தத் தூளில் மணம் இருந்தது. பிறகு நாளுக்கு நாள் அது இறங்கியது. எனக்கே தெரிந்தது. அரைத்துவைத்த கோப்பித்தூள் காற்றுப்பட்டால் மணத்தை விட்டுவிடும், அவ்வளவுதான். ஆனால் அப்பா கப்பை வைத்துவிட்டு, "மணம் போயிட்டுது. தூளிலையோ, என்னிலையோ தெரியேல்லை" என்றார். இந்த வரியை நீ இரண்டு தரம் வாசிக்கவேண்டும். மணம் தெரியாத ஒரு மனிதனுக்கு மணமில்லாத ஒன்றைக் கொடுத்தால், அவன் பழியைத் தன்மேல்தான் போட்டுக்கொள்வான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். கைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தை வெளியே விட்டிருந்தேன், அப்பாவும் கதைக்கட்டும் என்று. அவர் எதிரே, வெறும் கோப்பிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். உன்னிடம் எதையோ கேட்கத்தான் இருந்தார். நான் முந்திக்கொண்டு, உன்னுடையதைப்போல ஒரு கிரைண்டர் எங்களுக்கும் வேண்டும், அதிகம் விலையில்லாமல் எது நல்லது என்று கேட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, உந்தக் கிரைண்டர் விசயமெல்லாம் என்னைமாதிரிக் கோப்பி விசரருக்கு. உங்களுக்கு என்னத்துக்கு? பிளேட் வைச்ச சின்னது ஒண்டு அனுப்பிவிடுறன், உங்களுக்கு அது காணும். அப்பாவுக்கு மணமே தெரியாது, அவருக்கு என்ன வித்தியாசம் விளங்கப்போகுது?"

வேறு ஊர்களிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பேச்சில் காணும் என்றால் போதும் என்று பொருள். உன் அப்பா பையை மடித்து மேசையில் வைத்தார். எழும்பினார். "எனக்குத் தேத்தண்ணி காணும்" என்றார், சத்தம் போடாமல். உனக்கு அது கேட்டிருக்காது. நீ அப்போது வேலைத்தளத்தில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாய்.

நான் எவ்வளவு காலம் தபாற்கந்தோர்க் கவுண்டரில் இருந்தேன் என்று உனக்குத் தெரியும். அங்கே நான் அடிக்கடி கண்ட ஒரு காட்சி உண்டு. வயதான தகப்பனையோ தாயையோ மகன் கூட்டிவருவான். வந்ததும் அவர்களைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, "அவருக்குத் தெரியாது மிஸ், என்னட்டைக் கேளுங்கோ" என்பான். நான் கேட்கமாட்டேன். கண்ணாடிக்கு மேலால் அந்த மனிதரைப் பார்த்து, "ஐயா, நீங்கள் சொல்லுங்கோ" என்பேன். வரிசை நீண்டாலும் சரி, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் சரி, அவர் சொல்லி முடிக்கும்வரை இருப்பேன். அப்படித் தள்ளி நிறுத்தப்பட்ட மனிதர் என் வீட்டிலேயே, என் சாப்பாட்டு மேசையிலேயே இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நிறுத்தியவன் என் பிள்ளையாக இருப்பான் என்றும் நினைக்கவில்லை.

நீ கெட்ட பிள்ளை இல்லை. உனக்கு வேலை, களைப்பு, அங்கே ஒரு வாழ்க்கை. எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் உனக்கென்று அந்தக் கிரைண்டரை வாங்க மாதக்கணக்காக வீடியோ பார்த்தாயே, எனக்குக்கூட அனுப்பினாயே, அதை நான் எப்படி மறப்பேன்? இந்தப் பல் நல்லது, அந்தப் பல் கூடாது, தூள் ஒரேயளவாக வரவேண்டும், இல்லாவிட்டால் கோப்பி பாழ் என்று நீதான் எங்களுக்குச் சொல்லித்தந்தாய். தெரியாமல் செய்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். வித்தியாசம் என்னவென்று நன்றாகத் தெரிந்த ஒருவன், தாய் தகப்பன் என்று வந்ததும் அது தேவையில்லை என்றான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ சொன்னபடி பார்சல் வந்தது. மூடியை அழுத்தினால் உள்ளே ஒரு பிளேட் சுழலும், மிக்ஸியின் தம்பி. மலைநாட்டிலிருந்து கொட்டை எடுப்பித்து அதில் போட்டேன். அரைக்கும்போது மணம் வந்தது, பொய் சொல்லக்கூடாது. அப்பாவும் பத்திரிகையை வைத்துவிட்டு எழும்பி வந்தார். ஆனால் திறந்து பார்த்தால் பாதி புழுதி, பாதி உடைத்த பயறு. அரைக்கும் சாமான் அதை அரைக்கவில்லை, கொத்தியிருந்தது. எஸ்பிரெஸோ என்பது அழுத்திவைத்த தூளுக்குள்ளால் கொதிநீரைத் தள்ளி எடுக்கிற கோப்பி. தூள் ஒரேயளவாக இல்லாவிட்டால் தண்ணீர் பருமனான துண்டுகள் கிடக்கும் பக்கத்தால் ஓடித் தப்பிவிடும், புழுதி கிடக்கும் பக்கம் நின்று வேகும். அதனால் ஒரே கப்பில் புளிப்பும் கசப்பும். அப்பா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "நல்லாத்தான் இருக்கும்போலை. எனக்குத்தான் விளங்கேல்லை" என்று சொல்லி கப்பை என் பக்கம் தள்ளினார். நான் குடித்துப் பார்த்துவிட்டு, "இது கூடாத கோப்பி" என்றேன். அவர் நம்பவில்லை. "என்னைத் தேற்றுறதுக்காகச் சொல்லுறீர்" என்றார். உனக்கு எழுதினேன். "ஆட்டி ஆட்டி அரையுங்கோ அம்மா" என்று ஒரு வரி வந்தது, ஒரு கட்டைவிரலோடு.

நான் சும்மா இருக்கவில்லை. கொட்டையை மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரர் நல்ல மனிதர், மாவெல்லாம் தட்டித் துடைத்துத்தான் அரைத்துத் தந்தார். ஆனாலும் எனக்கு முன்னால் யாரோ செத்தல் மிளகாய் அரைத்திருந்தார்கள். அப்பா அந்தக் கோப்பியைக் குடித்துவிட்டுத் தும்மிக்கொண்டே, "உறைப்பு மட்டும் நல்லா விளங்குது" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம்.

பிறகு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். வீட்டு மின்சாதனங்கள் விற்கும் பெரிய கடை, பெயர் வேண்டாம். நீல வெளிச்சம் எரியும் கிரைண்டர் ஒன்றைக் காட்டினார்கள். "உள்ளுக்கை அரைக்கிற பல்லைப் பாக்கலாமோ?" என்று கேட்டேன். விற்பனைக்காரத் தம்பிக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "அதெல்லாம் கழட்டேலாது அம்மா. மகன் ஆரும் வரேல்லையோ? அவரைக் கூப்பிட்டுக் கதையுங்கோ, அவருக்கு விளங்கும்" என்றான்.

"குடிக்கப்போறது மகன் இல்லை" என்றேன்.

"எல்லாரும் உதைத்தான் வாங்கினம் அம்மா. வீட்டுக்கு உது காணும்."

அங்கேயும் அதே சொல். குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வயது போனால் மனிதருக்கு எது காணும் என்பதை ஊரெல்லாம் சேர்ந்து தீர்மானித்துவைத்திருக்கிறது. ஆறினது காணும், பழசு காணும், பாதி காணும். தீர்மானிக்கிறவர்கள் யாரும் எங்களை வந்து கேட்டதில்லை.

நெல்லியடியில் தர்சிகா என்றொரு பிள்ளை சின்னக் கோப்பிக்கடை வைத்திருக்கிறாள். கொழும்பில் ஹோட்டலொன்றில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். தங்கச்சிதான் அவளைப் பற்றிச் சொன்னாள். அப்பாவையும் வரச்சொன்னேன். "நான் எதுக்கு? நீர் பாத்து வாங்கும்" என்றார். "நீங்கள் வராட்டில் நானும் போகேல்லை" என்று கதிரையில் அமர்ந்துவிட்டேன். சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்தார். நீ அனுப்பிய பிளேட் சாமானையும் பையில் எடுத்துப்போயிருந்தேன்.

விசயத்தைச் சொன்னேன். தர்சிகா அதை முழுக்கக் கேட்டாள், இடையில் கைபேசியைப் பார்க்கவில்லை. பிறகு ஒரே கொட்டையை எடுத்து மூன்று பங்காக்கி, ஒன்றை உன்னுடைய பிளேட் சாமானிலும், ஒன்றைத் தன்னிடம் இருந்த மலிவான மின்சாரக் கிரைண்டரிலும், மற்றதைக் கைக் கிரைண்டர் ஒன்றிலும் அரைத்தாள். மூன்று தூளையும் வெள்ளைக் கடதாசியில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிக் காட்டினாள். விரலால் தடவிப் பார்க்கவே விளங்கியது. பிறகு மூன்றையும் தன் மெசினில் ஊற்றி எடுத்து, சின்னக் கப்புகளில் அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

"அங்கிள், நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

அப்பா பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தார். நான் தெருவில் போன பஸ்ஸைப் பார்த்தேன்.

முதல் கப்பைக் குடித்தார். "புளிக்குது. பிறகு கசக்குது" என்றவர், உடனே, "என்ரை வாய் சரியில்லைப் பிள்ளை, எனக்குக் காய்ச்சலுக்குப் பிறகு ஒண்டும் வடிவாத் தெரியாது. என்னட்டைக் கேட்டுப் பிரயோசனமில்லை" என்றார்.

தர்சிகா அதே கப்பிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் வைத்தாள். "எனக்கும் புளிச்சுக் கசக்குது அங்கிள்."

"உமக்குமோ?"

"ஓம். ஆர் குடிச்சாலும் அப்பிடித்தான் இருக்கும். அரைச்சது சரியில்லை."

அவர் அந்தக் கப்பைத் திரும்ப எடுத்து இன்னொரு வாய் குடித்தார். "அப்ப பிழை என்னிலை இல்லை" என்றார். அவளிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. மகனே, நீ அனுப்பிய அந்தச் சாமான் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு காலையிலும் அவர் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டு குடித்திருக்கிறார். நான் சொல்லியும் நம்பாதவர், முன்பின் தெரியாத ஒரு பிள்ளை குடித்துப் பார்த்துச் சொன்னபிறகுதான் நம்பினார்.

மற்ற இரண்டையும் தெம்பாகக் குடித்தார். மின்சாரக் கிரைண்டரில் அரைத்தது முதலாவதைவிட நல்லது, ஆனால் தண்ணியாக ஓடியது. அரைக்கும் அளவை ஒரு இலக்கம் இறுக்கினால் சொட்டுச் சொட்டாக வந்து கருகியது. இரண்டுக்கும் இடையில் வேறு இலக்கம் இல்லை. கடைசிக் கப்பில்தான் அவர் மூக்கை வைத்து நேரம் எடுத்தார். "இதிலை பனாட்டு இருக்குது" என்றார். என்ன சொல்கிறார் என்று விளங்காமல் தர்சிகா என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன்.

"உந்தக் கறண்ட் கிரைண்டரும் கைக் கிரைண்டரும் கிட்டத்தட்ட ஒரே விலைதான் அங்கிள்" என்றாள் அவள். "கறண்டிலை ஓடுறதிலை மோட்டருக்கும் வெளிச்சத்துக்கும் காசு போகுது, அதுக்காகப் பல்லிலை குறைச்சிருக்கிறாங்கள். கையாலை சுத்துறதிலை காசு முழுக்கப் பல்லிலைதான். உருக்குப் பல், அச்சு ஆடாது, வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பலாம். கறண்ட் போனாலும் கவலையில்லை. ஆனால் எஸ்பிரெஸோவுக்கு அரைக்கேக்கை கை நோகும், அதை இப்பவே சொல்லிப்போடுறன்."

என் மணிக்கட்டு நோவு உனக்குத் தெரியும். நான் தயங்கினேன். "நீர் ஏன் சுத்தவேணும்?" என்றார் அப்பா. "நான் வீட்டிலை என்ன செய்யிறன்? நான் சுத்துறன்." அவரே தன் பென்சன் காசில் வாங்கினார். பொதியை என்னிடம் தராமல் மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தார். பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்க, பருத்தித்துறை வரும்வரை அவருக்கு அரைக்கும் பல்லைப் பற்றி விளங்கப்படுத்தினார்.

முதல் சில நாள் சரிவரவில்லை. ஒரு நாள் மெசின் மூச்சடைத்து நின்றது, மறுநாள் குழாய்போல ஓடியது. அவர் வளையத்தை ஒவ்வொரு சொடுக்காகத் திருப்பி, குடித்து, முகம் சுளித்து, திரும்பத் திருப்பினார். ஒரு காலை தேன் வடிவதுபோல இறங்கியது. என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் கப்பை எடுத்தார். அரைக்க நேரம் எடுக்கிறது என்று நீ குறையாகச் சொல்லுவாய். எங்களுக்கு அதுதான் தேவை. அவ்வளவு நேரமும் அவர் முகம் அந்த உருளைக்கு மேல் இருக்கிறது. டொக்டர் சொன்னதும் இதைத்தானே. இப்போது கோப்பிக்குப் பக்கத்தில் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் எலுமிச்சை இலையும் கராம்பும் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக எடுத்து மணக்கிறார். சில நாள் ஒன்றும் வராது, அன்றைக்குக் கதைக்கமாட்டார். சில நாள் வரும். பஸ் நிலையத்தில் ஒரு முறை டீசல் மணக்கிறது என்று சொல்லி, ஏதோ மல்லிகையைக் கண்டவர்போல நின்றார். மல்லிகை இன்னும் வரவில்லை. வராமலே போகலாம் என்றும் டொக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது தெரியும்.

ஆகவே சுதனுக்கும், பெற்றோருக்குக் கோப்பிச் சாமான் அனுப்ப நினைக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். கையில் இருக்கும் காசு கொஞ்சமென்றால் மெசினில் குறையுங்கள், அரைக்கும் பல்லில் குறைக்காதீர்கள். வெளிச்சத்துக்கும் பட்டனுக்கும் காசு கொடுக்காதீர்கள். கை நோகிறவர்கள் மட்டும் இருக்கிற வீடென்றால் கொஞ்சம் பொறுத்து, காசு சேர்த்து, நல்ல மின்சாரக் கிரைண்டராக வாங்குங்கள். அரைத்த தூளை அனுப்பவே அனுப்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் முதல், குடிக்கப்போகிறவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். உங்களுக்கு எது நல்லதென்று ஆராய்ந்த அதே கவனத்தோடு கேளுங்கள். மிச்சமிருந்தால் கொடுக்கிற கவனம் எங்களுக்கு வேண்டாம்.

போன கிழமை ஒரு நாள் நான் முற்றத்தில் மரக்கறிக்காரியோடு கதைத்துக்கொண்டு நின்றேன். அப்பா உள்ளே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவர், "இஞ்சாரும், குழம்பு அடிப்பிடிக்குது" என்று சத்தம் போட்டார். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன், கத்தரிக்காய்க் குழம்பு அடியில் கருகத் தொடங்கியிருந்தது. அவர் குசினி வாசலில் பத்திரிகையோடு நின்றார். நானும் கரண்டியோடு நின்றேன். இரண்டு பேரும் அடுப்பை நிற்பாட்ட மறந்துவிட்டோம். அன்றைக்கு அந்தக் கருகிய குழம்பைத்தான் சாப்பிட்டோம். அவர் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார்.

இதை நான் உனக்குத் தொலைபேசியில் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை. இப்படி எழுதித்தான் நீ அறிகிறாய், அதுவும் எல்லாரோடும் சேர்ந்து. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது என்னிடம் "அப்பா எப்பிடி இருக்கிறார்" என்று கேட்காதே. நான் பதில் சொல்லமாட்டேன். கைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவேன். இன்றைக்குக் கோப்பி எப்படி வந்தது என்று அவரிடம் கேள். எத்தனை சொடுக்கு, எந்தக் கொட்டை, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் சொல்வார். நீளும். அவர் முடிக்கும்வரை இரு.

அம்மா